தூக்குபவர் ஒருவர், தாங்குபவர் பலர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘உடலை வளர்க்கும் கூடம் உறவை வளர்க்குமா?’ என்பது இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், இன்றைய குளுகுளு ஜிம்முக்குப் போகிற இளைஞன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்புகிறான் என்றார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் வரலாற்றில் பளு தூக்கும் இடம் அப்படித்தான் இருந்ததா? அந்தக் கேள்வியோடு சற்றுப் பின்னோக்கிப் போகலாம், வாருங்கள்.

2003ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். நம் நாட்டு வீரர் வேலு ரதகிருஷ்ணன், கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் 260.8 டன் எடை கொண்ட கேடிஎம் ரயில்களைப் பல்லால் கடித்து 4.2 மீட்டர் தூரம் இழுத்தார். கின்னஸ் புத்தகத்தில் அது பதிவானது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே வேலைக்காக வந்து குடியேறிய தமிழர்களின் பேரப் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி கொடுத்த மகிழ்ச்சியைச் சொல்லவா வேண்டும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாதனை நடந்தது, கூட்டம் கைதட்டியது, கலைந்தது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் மறுநாள் காலையில் இன்னொருவரோடு சேர்ந்து பயிற்சிக்குப் போனார்கள்? வீரத்தை வேடிக்கை பார்ப்பது வேறு, வீரத்தைச் சேர்ந்து வளர்ப்பது வேறு. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

இளவட்டக்கல் சொல்லும் செய்தி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாவடிக்கு அருகில் உருண்டையான ஒரு கல் கிடக்கும். இளவட்டக்கல் என்பார்கள். கல்யாணக்கல் என்றும் பெயர் உண்டு. பெண் கேட்டு வரும் இளைஞன் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்ற கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஐம்பது கிலோ கல்லும் உண்டு, நூறு கிலோவைத் தாண்டிய கல்லும் உண்டு.

அந்தக் கல்லை எப்படித் தூக்குவார்கள்? குந்தி அமர்ந்து, இரு கைகளாலும் அணைத்து, முதலில் முழங்காலுக்கு ஏற்றுவார்கள். பிறகு நெஞ்சுக்கு, அங்கிருந்து தோளுக்கு. கடைசியில் தோளுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஒலிம்பிக் மேடையில் தரையிலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து தலைக்கு மேலும் தூக்குகிற ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ முறைக்கு இது ஒரு வகையில் பெரியப்பன் உறவு.

கல்யாணக் கதையில் ஒரு பகுதி விட்டுப் போய்விடுகிறது. கல் ஊருக்குப் பொது. எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. அறுப்பு முடிந்த மாலையிலும் நிலவு வெளிச்சத்திலும் ஊர் இளவட்டங்கள் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் முயன்றிருக்கிறார்கள். ‘இன்னும் கொஞ்சம் குனிடா’, ‘மூச்சை விடாதே’ என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் இல்லாமல் நூறு கிலோ கல் தோளுக்கு ஏறாது. பெண்ணின் தந்தை பார்த்தது ஒரு நாள் நிகழ்ச்சியை. நண்பர்கள் பார்த்தது அதற்கு முந்திய பல மாதங்களை. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இளவட்டக்கல் போட்டி நடத்தும் வழக்கம் இருக்கிறது. அதில் பெண்களும் பங்கேற்றிருக்கிறார்கள் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

சாண்டோவும் தேகப்பயிற்சி சாலையும்

கல் இருந்த இடத்துக்கு இரும்பு எப்போது வந்தது? பிரஷ்யாவில் 1867இல் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலி, 1905ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவிலும் கீழை நாடுகளிலும் சுற்றுப்பயணம் செய்து தம் பலத்தைக் காட்டினார். அவர் 1925இல் மறைந்தார். ஆனால் பெயர் மறையவில்லை. கையில்லாத பனியனைத் தமிழ்நாட்டில் இன்னமும் ‘சாண்டோ பனியன்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். கட்டுமஸ்தான ஆளின் பெயருக்கு முன்னால் ‘சாண்டோ’ பட்டமாக ஒட்டிக்கொண்டது.

அந்தப் பட்டத்தோடு நமக்கு நன்கு தெரிந்தவர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் 1915இல் பிறந்தவர். பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். தம் வட்டார இளைஞர்களோடு சேர்ந்து வீரமாருதி தேகப்பயிற்சி சாலையை நடத்தினார். அப்போது கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் சிறு வேடங்களுக்காகக் காத்திருந்த இன்னொரு இளைஞரும் உடற்பயிற்சியில் தீராத ஆர்வம் உள்ளவர். அவர்தான் எம்.ஜி.ஆர். இரும்பும் கர்லாக்கட்டையும் இருவரையும் நண்பர்களாக்கின.

1947இல் ‘ராஜகுமாரி’ படத்தில் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனானார். அதில் ஒரு சண்டைக் காட்சிக்கு ஏற்கெனவே பேர் பெற்ற வேறொரு பயில்வானைப் போட இயக்குநர் நினைத்தபோது, தேவருக்கே அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். வாதாடினார் எனத் திரையுலக வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தம்முடைய நாற்காலியே இன்னும் உறுதியாகாத நேரத்தில் நண்பனுக்கு ஒரு நாற்காலி கேட்ட மனம் அது!

1956இல் தேவர் பிலிம்ஸ் ‘தாய்க்குப் பின் தாரம்’ படத்தோடு தொடங்கியது. நாயகன் எம்.ஜி.ஆர். பிறகு இருவருக்கும் மனத்தாங்கல் வந்து, 1961இல் ‘தாய் சொல்லைத் தட்டாதே’ வரும்வரை இருவரும் சேர்ந்து படம் செய்யவில்லை. சேர்ந்த பின் 1972இல் வந்த ‘நல்ல நேரம்’ வரை அந்தக் கூட்டணியில் மொத்தம் 16 படங்கள். நம் நாட்டுத் திரையரங்குகளில் அந்தப் படங்களுக்கு வரிசை பிடித்து நின்ற பெற்றோர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் படங்களின் வேர் ஒரு தேகப்பயிற்சி சாலையில் இருந்தது. சண்டை போட்டுப் பிரிந்தவர்களும் திரும்பிச் சேர முடிந்ததற்கு, சேர்ந்து வியர்வை சிந்திய பழைய நாட்களும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

தொடக் கூடாத நட்பு

இனி ஒலிம்பிக் முறைப் பளுதூக்குதலுக்கு வருவோம். 1891இல் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1896இல் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இந்த விளையாட்டு இடம்பெற்றது. 1972 மியூனிக் போட்டியோடு ‘பிரெஸ்’ என்ற முறையைக் கைவிட்டார்கள். இன்று இருப்பவை இரண்டு. ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ‘ஸ்நாட்ச்’ ஒன்று, நெஞ்சில் நிறுத்தித் தூக்கும் ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ மற்றொன்று. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. ஆண்களுக்கு 20 கிலோ தண்டு, பெண்களுக்கு 15 கிலோ தண்டு. மேடை நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர்.

அந்த மேடையில் வீரர் தனியாகத்தான் நிற்க வேண்டும். சாதாரண ஜிம்மில் மார்புக்கு மேல் தண்டை ஏந்திப் படுத்திருப்பவரின் தலைமாட்டில் நண்பர் நின்று கை கொடுப்பார். இங்கே அது கிடையாது. வேறொருவர் கை தண்டில் பட்டால் அந்தத் தூக்கு செல்லாது. அப்படியானால் நண்பனுக்கு இங்கே என்ன வேலை?

வேலை நிறைய இருக்கிறது. போட்டியில் குறைந்த எடை கேட்டவரே முதலில் அழைக்கப்படுவார். பெயர் அழைத்ததும் ஒரு நிமிடத்தில் தூக்கத் தொடங்க வேண்டும். ஒருவரே அடுத்தடுத்துத் தூக்கினால் இரண்டு நிமிடம். எதிராளி எவ்வளவு கேட்டிருக்கிறார், நம் ஆளுக்கு முன் இன்னும் எத்தனை தூக்கு இருக்கிறது, இப்போது எத்தனை கிலோவில் உடம்பைச் சூடேற்ற வேண்டும், அடுத்த எடையை ஒரு கிலோ கூட்டுவதா இரண்டு கிலோ கூட்டுவதா என்று பின்னறையில் கணக்குப் போடுகிறவர் நண்பரோ பயிற்சியாளரோதான். தட்டு மாட்டுவது அவர். முதுகில் தட்டி அனுப்புவது அவர். தவறினால் முகத்தைப் பார்த்தே, ‘விடு, முழங்கை மடங்கிவிட்டது, அவ்வளவுதான்’ என்று சொல்வதும் அவர். தண்டைத் தொடாமலே பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் நட்பு இது.

மலாயா பெற்ற முதல் தங்கங்கள்

இந்த விளையாட்டில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1950இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டியில் மலாயா முதன்முறையாகக் கலந்துகொண்டது. அப்போதே பளுதூக்குதலில் தோ ஃபூக் ஹங், கோ எங் தோங் இருவரும் தங்கம் வென்றார்கள். நாடு சுதந்திரம் அடைய இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

தெற்கே சிங்கப்பூரில் டான் ஹோவ் லியாங். 1958இல் கார்டிப் போட்டியிலும் தோக்கியோ ஆசியப் போட்டியிலும் தங்கம். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் கால் வலியைப் பொறுத்துக்கொண்டு மொத்தம் 380 கிலோ தூக்கினார். ஈராக்கின் அப்துல் வாஹித் அஜிசும் அதே 380 கிலோதான். உடல் எடை குறைவாக இருந்ததால் டானுக்கு வெள்ளி, அஜிசுக்கு வெண்கலம். சிங்கப்பூருக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 2008 வரை, 48 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய மனிதர் பிற்காலத்தில் பயிற்சியாளராகவும் உடற்பயிற்சிக் கூட மேற்பார்வையாளராகவும் இளைஞர்கள் நடுவிலேயே வாழ்ந்து, 2024 டிசம்பரில் மறைந்தார். பதக்கம் வாங்கியவரும் தட்டு அடுக்கிய அந்த எளிமையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

நிறத்தைத் தாண்டிய மேடை

இன்னொரு காட்சி. 1978, கனடாவின் எட்மன்டன் நகரம், காமன்வெல்த் போட்டி. 52 கிலோ பிரிவில் இந்தியாவின் ஏகாம்பரம் கருணாகரன் தங்கம் வென்றார். 56 கிலோ பிரிவில் எம். தமிழ்ச்செல்வன் வெள்ளி வென்றார். பெயர்களைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது அல்லவா?

தமிழ்ச்செல்வனை வென்று தங்கம் பெற்றவர் பிரெஷியஸ் மெக்கென்சி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். வெள்ளையர் அல்லர் என்பதால் நிறவெறி ஆட்சி அவரைத் தேசிய அணிக்கு வெளியே நிறுத்தியது. பிறகு ஒரு முறை, வெள்ளை வீரர்களோடு சேராமல் தனியாக இருந்தால் அணியில் வரலாம் என்று நிபந்தனை போட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். இங்கிலாந்துக்குப் போனார். அந்நாட்டுக்காக 1966, 1970, 1974 ஆகிய ஆண்டுகளில் மூன்று தங்கம் வென்றார். பின் நியூசிலாந்தில் குடியேறி 1978இல் நான்காவது தங்கத்தையும் வென்றார்.

அவர் எதை மறுத்தார் என்று யோசித்துப் பாருங்கள். பளு தூக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடவும் ஒன்றாக நிற்கவும் அனுமதி கிடைக்கவில்லை. கூட்டாளி இல்லாத மேடை எனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெண்களுக்கு ஒலிம்பிக் பளுதூக்கும் மேடை 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் திறந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். சகோதரிகளோடு பயிற்சிக்குப் போனவர். வீட்டில் ஒருத்தி தூக்கத் தொடங்கினால் அடுத்தவளுக்கும் துணிச்சல் வருகிறது.

சத்துவாச்சாரி என்ற ஊர்

ஓர் ஊரே பளுதூக்குவோருக்குப் பேர்போனதாக இருக்க முடியுமா? முடியும். தமிழ்நாட்டில் வேலூருக்குப் பக்கத்தில் சத்துவாச்சாரி. அங்கே பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருடைய தந்தை முன்னாள் இராணுவ வீரர், தாமும் பளுதூக்கியவர். மகனுக்கு முதல் ஆசான் அவரே.

அப்பா தூக்கினார், மகன் தூக்கினான், மகனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையனும் தூக்கினான். பெரிய மைதானமோ கோடிக்கணக்கில் பணமோ தொடக்கத்தில் தேவைப்படவில்லை. ஒரு தண்டு, சில தட்டுகள், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணன். சாவடிக்கு அருகில் கிடந்த பொதுக் கல்லின் கதைதான் இரும்பாக மாறித் தொடர்கிறது.

நம் வட்டாரத்தில் என்ன நடந்தது?

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். நம் முன்னோர் பாரம் தூக்காதவர்களா? துறைமுகத்தில் மூட்டை, ரயில் பாதையில் கட்டை, தோட்டத்தில் பால் வாளி. பளு நமக்குப் புதிதில்லை. 1947இல் கெடாவில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தபோது, தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்து நின்று கள்ளுக்கடைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். அடக்குமுறைக்கும் ஆளானார்கள். உடலைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் சமூகத்தைத் தூக்கி நிறுத்துவதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்தை விட்டு மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். தோட்டத்தில் கோயிலுக்கு முன்னால் ஒரு திடல் இருந்தது. மாலையானால் பையன்கள் அங்கேதான் இருப்பார்கள். யார் வீட்டுப் பையன் எங்கே இருக்கிறான் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அடுக்குமாடியில் அந்தத் திடல் இல்லை. பையன் மாடிப்படியில் உட்கார்ந்தான். அங்கே அவனைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்கவில்லை. குண்டர் கும்பல் பற்றி நாம் மேடைதோறும் புலம்புகிறோம். தோழமை தேடுகிற வயதில் நல்ல தோழமையை நாம் கொடுக்காவிட்டால், கெட்ட தோழமை இலவசமாகக் கிடைக்கும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் நான் பல ஆண்டுகள் போய்வந்த சிறிய கூடம் ஒன்று உண்டு. குளிரூட்டி இல்லை. பலகை மேடை ஒன்று, துருப்பிடித்த தண்டு மூன்று. சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீன அங்கிள். தண்டுக்கு எண்ணெய் போட்டது ஒரு மலாய்க்கார அபாங். மாதம் ஒரு ஞாயிறு கோத்தோங் ரோயோங் செய்து எல்லாரும் கழுவித் துடைப்போம். முடித்துவிட்டுக் கீழே மாமாக் கடையில் தே தாரிக். காசு இல்லாத பையனுக்கும் ஒரு கிளாஸ் வரும். யார் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் வீட்டில் மரணம் என்றால், சவப்பெட்டியைச் சுமக்க அந்தக் கூடத்துத் தோள்கள்தாம் முதலில் வந்து நிற்கும்.

கூடா நட்பும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வரலாறு ஆகாது. திருவள்ளுவர் 79ஆம் அதிகாரத்தில் நட்பைத் தொடங்கியவர், 82இல் தீ நட்பு, 83இல் கூடா நட்பு என்று எச்சரிக்கை செய்துதான் முடித்தார். நண்பன் தவறினால் இடித்துச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர் விடவில்லை.

இந்த விளையாட்டின் தீராத நோய் ஊக்கமருந்து. 2020 ஏப்ரலில், ஊக்கமருந்துக் குற்றங்களுக்காக, மலேசியாவும் தாய்லாந்தும் தோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் பங்கேற்க முடியாது என்று அனைத்துலகச் சம்மேளனத்தின் தண்டனைக் குழு தீர்ப்பளித்தது. சிலர் செய்த தவற்றுக்கு, தவறு செய்யாத நம் வீரர்களும் விலை கொடுத்தார்கள்.

நான் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு நண்பர் திடீரென்று பலம் கூடி நின்றார். பையில் ஊசி மருந்து இருந்ததை நான் பார்த்தேன். கேட்டால் நட்பு கெட்டுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு ஆண்டு கழித்து மருத்துவமனைக் கட்டிலில் அவரைப் பார்த்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “அப்பவே தெரியும்தானே அண்ணே, ஏன் ஒரு வார்த்தை சொல்லல?” என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவர் பிழைத்துக்கொண்டார். இப்போது கூடத்துக்கு வரும் பிள்ளைகளின் பைகளைக் கவனிப்பவர் அவரே. நான் செய்யத் தவறிய வேலையை அவர் செய்கிறார்.

தண்டைத் தொடாமல் பாரத்தைப் பங்கிடுவது இந்த விளையாட்டின் நட்பு என்றேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிவிடுவதும் அந்தப் பங்கில் அடங்கும்.

நாம் செய்யக் கூடியது

இருள் நிலைக்கவில்லை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 55 கிலோ பிரிவில் நம் அனிக் கஸ்டான் 249 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இந்தியாவின் சங்கேத் சர்கார் முழங்கையில் அடிபட்டும் 248 கிலோவோடு வெள்ளி பெற்றார். இருவருக்கும் இடையே ஒரே ஒரு கிலோ! அந்த ஒரு கிலோவுக்குப் பின்னால், பின்னறையில் கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

நம் கோயில்களுக்கு மண்டபம் இருக்கிறது. சங்கங்களுக்குக் கட்டடம் இருக்கிறது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக்கிடக்கும் கூடங்களை நானே காட்ட முடியும். நான்கு மீட்டர் பலகை மேடை, இரண்டு தண்டு, முறையாகக் கற்ற ஒரு பயிற்சியாளர், பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம். இவ்வளவு போதும், தொடங்கிவிடலாம். பதக்கம் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும், மாலை ஆறு மணிக்கு நம் பையன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

உடலை வளர்க்கும் கூடம் உறவை வளர்க்குமா என்று கேட்டார்கள். கூடம் தானாக வளர்க்காது. தட்டு மாட்டிவிட ஒருவரும், தப்பென்றால் தப்பென்று சொல்ல ஒருவரும் அங்கே இருந்தால் வளர்க்கும். அந்த ஒருவராக நீங்களும் நானும் இருக்கத் தயாரா?